பதற்றக் கோளாறுகளில் உடலக உணர்வு

உடலக உணர்வு என்பது இதயத் துடிப்பு, மூச்சு, குடல் அசைவு, உடல் வெப்பம், பசி முதலிய உள்நிலைகளை நரம்புத் தொகுதி உணர்ந்து, மூளை அவற்றுக்குப் பொருள் காணும் செயற்பாடு ஆகும். பதற்றக் கோளாறு (பதகளிப்புக் கோளாறு எனவும் அழைக்கப்படும்) உடையோரில் இச்செயற்பாடு மாறுபடுகின்றது. அவர்கள் உணரும் படபடப்பும் மூச்சுத்திணறலும் கற்பனை அல்ல. உடலிலிருந்து வரும் சாதாரணக் குறிப்புகளை மூளை ஆபத்தின் அறிகுறியாக மதிப்பிடுவதே சிக்கலின் மையம் எனப் பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

வரலாறு

உடலில் தோன்றும் மாற்றங்களை உணர்வதே உணர்ச்சி என்ற கருத்தை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்சு 1884 இலும், டென்மார்க்கு மருத்துவர் கார்ல் லாங்கே 1885 இலும் தனித்தனியே வெளியிட்டனர். உடலின் உட்பரப்பிலுள்ள உணர்வேற்பிகளுக்குத் தனிப் பெயர் தந்து வகைப்படுத்தியவர் ஆங்கிலேய உடலியங்கியலாளர் சார்லசு செரிங்டன் (1906) ஆவார்.

குறிப்புகள் மூளையை அடையும் வழி

இதயம், நுரையீரல், இரைப்பை ஆகியவற்றிலிருந்து வரும் குறிப்புகளில் பெரும்பகுதியை வேகசு நரம்பு சுமந்து செல்கின்றது. இந்நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவை. இச்செய்திகள் முதலில் முகுளத்தையும், பின்னர் தலாமசு வழியாக மூளைப் புறணியின் மடிப்புக்குள் மறைந்திருக்கும் இன்சுலா என்னும் பகுதியையும் அடைகின்றன. இன்சுலாவின் பின்பகுதி குறிப்புகளைப் பெறுகின்றது. முன்பகுதி அவற்றைச் சூழல், நினைவு, உணர்ச்சி ஆகியவற்றுடன் இணைக்கின்றது. மூளை குறிப்புகளுக்காகக் காத்திருப்பதில்லை. உடல் அடுத்த நொடியில் எவ்வாறு இருக்கும் என முன்கணித்து, வரும் குறிப்பை அக்கணிப்புடன் ஒப்பிடுகின்றது.

பதற்றத்தில் ஏற்படும் மாற்றம்

பதற்றக் கோளாறு உடையோரில் இம்முன்கணிப்பு ஆபத்தை நோக்கிச் சாய்ந்திருப்பதாக 2006 இல் மார்ட்டின் பவுலசு, முரே சுடீன் ஆகியோர் முன்வைத்தனர். மாடிப்படி ஏறியதால் விரைவுபட்ட துடிப்பு, மாரடைப்பின் தொடக்கமாகத் தோன்றக்கூடும். இந்த அச்சம் துடிப்பை மேலும் விரைவாக்கும். விரைந்த துடிப்பு அச்சத்தை உறுதிப்படுத்தும். திகில் கோளாற்றில் காணப்படும் இச்சுழலை டேவிட் கிளார்க்கு 1986 இல் விளக்கினார்.

பதற்றம் உடையோர் தம் துடிப்பைப் பிறரைவிடத் துல்லியமாக உணர்கின்றனரா என்பது குறித்த ஆய்வு முடிவுகள் ஒருமித்து இல்லை. துல்லியமாக உணர்தல் வேறு, உடலின் மீது ஓயாது கவனம் வைத்தல் வேறு. பின்னதே பதற்றத்துடன் கூடுதலாகத் தொடர்புடையது எனக் கருதப்படுகின்றது.

சோதனைச் சான்றுகள்

அச்சத்துடன் தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதி இருபுறமும் சிதைந்த மூவர், 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்தபோது கடும் திகிலுக்கு உள்ளாயினர் (2013). உடலின் உள்ளிருந்து எழும் ஆபத்துக் குறிப்பு, அமிக்டலா இன்றியும் திகிலைத் தூண்டும் என்பதை இது காட்டியது.

2023 இல் வெளியான சுடான்போர்டு பல்கலைக்கழக ஆய்வில், எலிகளின் இதயத் துடிப்பு ஒளியின் மூலம் விரைவாக்கப்பட்டது. ஆபத்து இருக்கக்கூடிய சூழலில் மட்டுமே அவை பதற்றத்துக்குரிய நடத்தையைக் காட்டின. இன்சுலாவின் பின்பகுதியை அடக்கியபோது அந்நடத்தை குறைந்தது.

மூச்சுத்திணறல்

ஒரே உணர்வு நுரையீரல் நோயாலும் பதற்றத்தாலும் தோன்றலாம் என்பதற்கு மூச்சுத்திணறல் தக்க எடுத்துக்காட்டு ஆகும். இந்திய உடலியங்கியலாளர் ஏ. எசு. பெயிண்டல் (1925–2004) நுரையீரலின் நுண்குழாய்களை ஒட்டியுள்ள ஜே ஏற்பிகளை 1955 இல் கண்டறிந்தார். நுரையீரலில் நீர் கோக்கும்போது இவை தூண்டப்பட்டு, வேகசு நரம்பு வழியே மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன.

பதற்றத்தில் வேறொரு பொறிமுறை செயற்படுகின்றது. தேவைக்கு மிகுதியாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதனால் தலைச்சுற்றலும் விரல்களில் மரமரப்பும் தோன்றி அச்சத்தை வளர்க்கின்றன.

தாம்பரத்தில் 1928 இல் மருத்துவர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் நலவிடுதி, இன்று அரசினர் நெஞ்சக நோய் மருத்துவமனையாக உள்ளது. தாம்பரம் சானடோரியம் என்ற பகுதியின் பெயரும் அதிலிருந்து வந்ததே. இத்தகைய மருத்துவமனைகளில் சிகிச்சை பெறும் ஆசுத்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவை உடையோரிடம் பதற்றமும் பொதுமக்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றது. ஆகவே, நோயாளியின் திணறலை வெறும் பயம் என ஒதுக்குவதும், பதற்றத்தைக் கவனியாது நுரையீரலுக்கு மட்டும் மருந்து அளிப்பதும் முழுமையான அணுகுமுறை ஆகா.

சிகிச்சை

இதயம், நுரையீரல், தைராய்டு ஆகியவற்றின் நோய்களும் இரத்தசோகையும் இதே அறிகுறிகளைத் தருவதால், முதலில் உடற்பரிசோதனை அவசியம் ஆகும். அதன் பின்னர் அறிதிறன் நடத்தைச் சிகிச்சையும், தேவைப்படின் மருந்துகளும் பயன்படுகின்றன. உடலக உணர்வை நேரடியாகக் கையாளும் முறையில், நோயாளி மெல்லிய உறிஞ்சுகுழல் வழியே மூச்சு விடுதல், சுழல் நாற்காலியில் சுற்றுதல், ஒரே இடத்தில் ஓடுதல் போன்ற பயிற்சிகளால் அஞ்சிய உணர்வுகளைத் தாமே வரவழைக்கின்றார். துடிப்பு உயர்ந்து தானாகவே தணிவதைப் பலமுறை உணரும்போது, மூளை தன் முன்கணிப்பைத் திருத்திக்கொள்கின்றது. இதய நோய் அல்லது ஆசுத்துமா உடையோர் இவற்றை மருத்துவ ஆலோசனையுடன் மட்டுமே மேற்கொள்ள வேண்டும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறை, உண்மையான இதய, நுரையீரல் நோய் இருப்பின் தீங்கு விளைவிக்கும் என்பதால் தற்போது பரிந்துரைக்கப்படுவதில்லை.

பரிசோதனையில் நோய் எதுவும் தென்படாதபோது, உங்களுக்கு ஒன்றுமில்லை என்ற சொல் மட்டும் பெரும்பாலும் நெடுநாள் ஆறுதல் தருவதில்லை. உணர்ந்த துடிப்பு உண்மையானது, அதற்குத் தரப்பட்ட பொருளே தவறானது என்ற விளக்கமும் சிகிச்சையின் ஒரு பகுதியாகும். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மனாசு சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம்.