பீன்யா நிலத்தடி நீர்: எந்தத் தகவலை நம்பலாம்?

பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில், உலோக முலாம் பூசும் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. இந்த நீரைக் குடிக்கலாமா என்பதை எந்தத் தகவலைக் கொண்டு முடிவு செய்வது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ஆம் ஆண்டு 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டு வெளியிட்ட பட்டியலில் பீன்யாவும் இடம்பெற்றது. ஆனால், அது காற்று, நீர், நிலம் ஆகியவற்றைச் சேர்த்து முழுப் பகுதிக்கும் அளிக்கப்பட்ட மதிப்பீடு. தனியொரு ஆழ்துளைக் கிணற்றின் நிலையைக் கூறாது.

நம்பத்தக்க அறிக்கையில் நீர் மாதிரி எடுத்த இடம், தேதி, சோதனை முறை, கண்டறிந்த அளவு ஆகியவை இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரத்தின்படி, ஒரு லிட்டர் குடிநீரில் குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

கொதிக்க வைத்தாலும் குரோமியம் நீங்காது. எனவே, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கிணற்று நீரைச் சோதித்து, முடிவை இந்த வரம்புடன் ஒப்பிடுவதே உறுதியான வழியாகும்.