போடிமெட்டு ஏற்றமும் பிளக்கில் விழும் பொறியும்

சிலமலையிலிருந்து போடி வழியாக போடிமெட்டு ஏறும் பழைய அம்பாசிடர், பத்மினி கார்களில் ஒரு சத்தம் பழக்கமானது. கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை மிதித்தால், இன்ஜினுக்குள் சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்கள். உடனே கியரை இறக்குங்கள். சத்தத்தைச் சட்டை செய்யாமல் ஓட்டினால் பிஸ்டனின் விளிம்பே உருகிப் போகும்.

பொறி பட்டதும் பெட்ரோல் கலவை மொத்தமாக எரிந்துவிடாது. தீ சிலிண்டர் முழுக்கப் பரவ ஏறக்குறைய இரண்டு மில்லி வினாடி ஆகும். பிஸ்டன் உச்சியைத் தொட்டுக் கீழே திரும்பியதும், கிராங்க் 15 டிகிரி அளவில் சுழன்றிருக்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் நல்ல இழுவை கிடைக்கும். அதனால் பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே பொறி விழ வேண்டும். ஐடிலில், நிமிடத்துக்கு 800 சுற்றில், கிராங்க் ஒரு மில்லி வினாடியில் சுமார் 5 டிகிரி திரும்புகிறது. 3,000 சுற்றில் 18 டிகிரி. வேகம் கூடக் கூடப் பொறியும் முந்த வேண்டும். அளவுக்கு மிஞ்சி முந்தினால் பிஸ்டன் ஏறும்போதே அழுத்தம் எகிறி, மிச்சக் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். அதுதான் நாக்கிங். பிந்தினால் இழுவை போய், இன்ஜின் சூடேறும்.

பழைய கார்களில் பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, கவனித்தது டிஸ்ட்ரிபியூட்டர். சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் இவற்றைச் செய்தது. உள்ளே ஸ்பிரிங் பூட்டிய இரண்டு எடைகள் வேகத்தில் விரிந்து பொறியை முந்தவைக்கும். வாக்குவம் குழாய் சுமையைப் பார்த்துக்கொள்ளும்: லேசாக ஓடும்போது முந்தவிடும், முழுதாக மிதித்தால் விட்டுவிடும்.

அடிப்படை டைமிங்கை வைப்பது மட்டும் மெக்கானிக்கின் கைவேலை. முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளியைச் சரிசெய்வார். முதல் சிலிண்டரின் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் புல்லிக் குறியை உரிய டிகிரிக்குக் கொண்டுவருவார். பாயிண்டுக்குப் போகும் ஒயருக்கும் பாடிக்கும் நடுவே ஒரு பல்பை மாட்டி, இக்னிஷனைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்புவார். பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அந்த இடத்திலேயே கிளாம்ப்பை இறுக்கிவிடுவார்.

மலைமேல் காற்று, அடிவாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு லேசானது. கலவை மெதுவாக எரிவதால் அங்கே ஓரிரு டிகிரி முந்தவைத்தால் வண்டி நன்றாக இழுக்கும். ஆனால் அதே வண்டி வெயிலில் தேனி, மதுரை என்று இறங்கினால் தட்டும். சமவெளிக்கு வைத்த டைமிங்கை மாற்றாமல் விடுவதே என் கட்சி.

ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் டீசல் ஜீப்புகளில் பொறியே கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றில் டீசல் பீய்ச்சப்படும் நேரம்தான் அங்கே டைமிங். பழைய மாடல்களில் பம்ப்பைத் திருப்பி அதைச் சரிசெய்வார்கள்.

இன்றைய பெட்ரோல் கார்களில் திருப்ப எதுவும் இல்லை. கிராங்க் சென்சார் பல்சக்கரத்தைப் பார்த்துச் சொல்லும் நிலையை வைத்து, ஒவ்வொரு பொறிக்கும் இன்ஜினின் கணினியான இசியு நேரம் குறிக்கிறது. நாக் சென்சார் உள்ள வண்டிகளில், தட்டல் தொடங்கியதுமே பொறியைச் சில டிகிரி பின்தள்ளி, மெல்லத் திரும்பக் கொண்டுவருகிறது. அந்த சென்சார் பழுதானால் பல வண்டிகள் முன்னெச்சரிக்கையாகப் பொறியைப் பின்தள்ளியே ஓடும். ஏற்றத்தில் இழுவை குறைந்து, செக் இன்ஜின் விளக்கும் எரிந்தால், முதலில் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள்.