காற்றின் மின்சாரமும் ஐம்பது என்னும் எண்ணும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழிற்சாலைகள் பலவகைப் பொருள்களைச் செய்கின்றன. எனினும் அவை யாவும் ஓர் எண்ணுக்குக் கட்டுப்பட்டவை. அந்த எண் 50. நம் நாட்டின் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகள் நிகழ்த்துகிறது. இதனையே அதிர்வெண் என்கிறோம். மாணவர்கள் இதனைத் தேர்வுக்காக நெட்டுருப் போட்டுவிடுவார்கள். அது எதனைக் காட்டும் எண் என்று கேட்டால் விழிப்பார்கள். என் வகுப்புகளில் இதனைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பது போல மின்சாரத்தைக் கம்பியில் சேர்த்து வைக்க இயலாது. செலவாகும் அளவு அந்தந்த நொடியிலேயே உற்பத்தியாக வேண்டும். செலவு மிகுந்தால் மின்னாக்கிகளின் சுழற்சி தளர்ந்து அதிர்வெண் இறங்குகிறது; உற்பத்தி மிகுந்தால் ஏறுகிறது. ஆகவே அதிர்வெண் என்பது ஒரு தராசு முள். நம் விதிகள் அம்முள்ளுக்கு வகுத்துள்ள எல்லை 49.90 முதல் 50.05 வரை. எவ்வளவு குறுகிய இடம், பாருங்கள்!

ஆதிகேசவப் பெருமாள் கோயில் தேரை எண்ணிப் பாருங்கள். ஓட்டம் பிடித்த தேரின் வடத்தைச் சிலர் கைவிட்டாலும், தேர் அக்கணமே நின்றுவிடுவதில்லை. அதன் பாரமே அதனைச் சற்று முன்னே கொண்டு செல்கிறது. அதற்குள் மற்றவர்கள் இறுகப் பற்றிக்கொள்கிறார்கள். அனல் மின் நிலையத்திலும் நீர்மின் நிலையத்திலும் சுழலும் கனத்த உருளைகள் இத்தகைய பாரம் உடையவை. புதுவகைக் காற்றாலைகளோ மின்னணுக் கருவிகளின் வழியாகவே கம்பியோடு இணைகின்றன. அவற்றின் இறக்கைச் சுழற்சிக்கும் அதிர்வெண்ணுக்கும் நேரான பிணைப்பு இல்லை. தனியே ஏற்பாடு செய்தாலன்றி, அவை தேருக்குப் பாரம் சேர்ப்பதில்லை.

தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் பிறக்கும் மின்சாரம், சுமார் 600 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரகடத்து மோட்டாருக்கும் பங்களிக்கிறது. காற்று திடீரெனத் தணிந்தால் அந்தக் குறையை யார் ஈடு செய்வது?

முதல் உதவி, கட்டமைப்பின் பரப்பு. 2013 டிசம்பர் 31ஆம் நாள் ராய்ச்சூர்–சோலாப்பூர் தடத்தின் வழியே தென்னகக் கட்டமைப்பு நாட்டின் பிற பகுதிகளின் கட்டமைப்போடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. தேர் பெரிதாயிற்று, இழுப்பவர்களும் பெருகினர்.

அடுத்தது நீர். 2020 ஏப்ரல் 5ஆம் நாள் இரவு 9 மணிக்கு, நாடெங்கும் மக்கள் ஒன்பது நிமிடம் விளக்கணைத்தபோது, மின் தேவை 31,000 மெகாவாட்டுக்கு மேல் வீழ்ந்தது. நீர்மின் நிலையங்கள் உற்பத்தியைச் சட்டென்று குறைத்தும் பின்னர் கூட்டியும் ஈடுகொடுத்தன. அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையிலேயே நின்றது. ஆனால் அது முன்னரே அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சி. காற்று அறிவித்துவிட்டு அடங்குவதில்லை. அதனாலேயே ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் காற்றாலை உற்பத்தியை முன்கூட்டிக் கணித்துச் சொல்லும் முறை ஏற்பட்டது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் அதைத்தான் செய்கிறார்கள். மின்சாரம் மிகும்போது மேல் ஆழியாற்று நீரை மேலேயுள்ள அணைக்கு ஏற்றிவிட்டு, தேவைப்படும் வேளையில் இறக்குகிறார்கள். அதன் திறன் 400 மெகாவாட். 10,000 மெகாவாட் காற்றின் முன் இது சிறு குடமே. எனவே ஆடிக் காற்றின் நள்ளிரவில், தேவை குறைந்த நேரத்தில், நன்றாகச் சுழலும் காற்றாலைகளையே நிறுத்தச் சொல்ல நேர்கிறது. அனல் உலைகளை ஓரளவுக்குக் கீழே தணிக்க இயலாமையே காரணம். இலவசமாக வந்த காற்று வீணாவது எனக்கு வருத்தமே.

இவ்விடத்தில் தொழிற்சாலைகளுக்கும் பங்கு உண்டு. வண்ணம் பூசிய வண்டிக் கூடு உலைக்குள் இருக்கும்போது மின்சாரத்தை நிறுத்தக் கூடாது, கூடு பாழாகும். ஆனால் குளிர்நீர்த் தொட்டியைக் குளிர்விப்பதையும், மின்கல வண்டிகளுக்கு மின்னேற்றுவதையும் காற்று மிகுந்த நள்ளிரவுக்கு மாற்றி வைக்கலாம். உற்பத்தி ஒரு வண்டியும் குறையாது.