வேலைவாய்ப்பகமும் பண்ணை ஆட்களும்

நங்கநல்லூர் ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாயிருந்த கிராமம். இப்பொழுது அங்கே வீடுகளே விளைகின்றன. அதற்கு வடக்கே கிண்டியில் 1958-ஆம் ஆண்டில் தொழிற்பேட்டை ஏற்பட்டது. அப்பேட்டையைச் சார்ந்தே வேலைவாய்ப்பு, பயிற்சி இலாகாவின் தலைமைக் காரியாலயமும் அமைந்திருக்கிறது. ஏர் பிடித்த கையைப் பட்டறையுடன் இணைக்கும் முறை யாதென நமது மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்துகொள்வது அவசியம்.

யுத்தத்தினின்று திரும்பிய சிப்பாய்களுக்காக 1945-இல் தொடங்கப்பெற்ற வேலைவாய்ப்பகங்கள், 1948-இல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டன. 1956 நவம்பரில் அவற்றின் தினசரி நிர்வாகம் ராஜ்ய அரசாங்கங்களிடம் வந்தது.

பதிவு செய்துகொள்பவரின் படிப்பு, பயிற்சி, அநுபவம் ஆகியவற்றைக் கொண்டு அவர் தொழிலுக்கு ஓர் எண் குறிக்கப்படும். காலி ஸ்தானத்திற்கும் அவ்வாறே எண் உண்டு. எண் ஒத்தவர்களே பதிவு மூப்பின்படி பொறுக்கியெடுக்கப்படுவர். இதிலேதான் சங்கடம் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில், விற்பனைக்காகப் பயிரிடும் விவசாயி 6-ஆம் பிரிவைச் சேர்ந்தவர். விவசாய யந்திரங்களைப் பழுதுபார்ப்பவர் 7. டிராக்டர் ஓட்டுபவர் 8. பயிர்ப் பண்ணைக் கூலியாள் 9. நம் பண்ணைகளிலோ ஒரே ஆள் காலையில் டிராக்டர் ஓட்டி, நண்பகலில் பம்பு எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, மாலையில் களை பறிக்கிறான். அவனைக் ‘கூலி’ என்று மட்டும் எழுதிவிட்டால், ஓட்டுநரோ மெக்கானிக்கோ வேண்டுமென்று வரும் அழைப்பு அவனை எட்டுவதேயில்லை. எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே கோளாற்றைச் சொல்லும் செவிக்கு எந்த வகைப்பாட்டிலும் எண் கிடையாது என்பது வேறு விஷயம்.

1960 மே 1 முதல் அமலுக்கு வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டம், 25 பேருக்குக் குறையாத நிலையங்கள் தம் காலி ஸ்தானங்களை வேலைவாய்ப்பகத்துக்குத் தெரிவிக்கவேண்டுமென்று விதித்தது. தனியார் விவசாய வேலைகளுக்கு அது விலக்களித்தபோதிலும், பண்ணை யந்திரங்களை இயக்குவோர் விஷயத்தில் அவ்விலக்கைத் தரவில்லை. மூன்று மாதத்துக்குட்பட்ட வேலைகளும் விலக்கப்பட்டமையால், நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் திரட்டுவது மேஸ்திரியின் காரியமாகவே நின்றது. அக்காரியத்தை அவரைவிட விரைவாக எந்தக் காரியாலயமும் செய்திருக்குமென்று நாம் எண்ணவில்லை.

ஆகவே, கிராமத்து வாலிபர் பதிவுக்குச் செல்லுமுன் தொழிற்பயிற்சி நிலைய அத்தாட்சி, வாகன ஓட்டும் லைசென்சு முதலியவற்றைத் தவறாது எடுத்துச் செல்லும்படி கிராம நிர்வாக அலுவலர்கள் அறிவுறுத்துவார்களாக. தம்மிடம் யந்திர வேலை பார்த்தவருக்கு, எந்த யந்திரம், எத்தனை ஆண்டு என்று விவரித்து மிராசுதாரரும் ஒரு கடிதம் கொடுத்தால், பட்டறைக்காரர் கேட்கும்போது காட்ட உதவும். பதிவுக்குக் கட்டணமில்லை; மூன்றாண்டுக்கொருமுறை அதனைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.