சித்திரை திருவிழாவில் காசு இல்லாமல் கச்சேரி: எங்கே நின்றால் நல்லா கேட்கும்?

மதுரை:

சித்திரை திருவிழா என்றாலே எல்லோருக்கும் ஞாபகம் வருவது மீனாட்சி கல்யாணமும், கள்ளழகர் ஆற்றில் இறங்குவதும்தான். ஆனால் 12 நாள் திருவிழாவில் ஒரு பைசா செலவில்லாமல் கேட்கக்கூடிய மேளமும் பாட்டும் ஏராளம். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு எல்லா நாளும் கண் விழிக்க முடியாது. எந்த ராத்திரிக்கு தூக்கத்தைக் கெடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று பார்ப்போம்.

முதல் இடம் மாசி வீதிகளுக்குத்தான். கொடியேற்றம் ஆனதும் தினமும் சுவாமியும் அம்மனும் வாகனத்தில் மாசி வீதிகளை சுற்றி வருவார்கள். முன்னால் டங்கா மாடு, கோலாட்டம் அடிக்கும் சிறுமிகள், மீனாட்சி வேஷம் போட்ட குழந்தைகள் என்று ஊர்வலம் களை கட்டும். சுவாமிக்கு முன்னால் நாதஸ்வரமும் தவிலும் போகும்.

பெரும்பாலானவர்கள் வாகனத்தைப் பார்த்து கும்பிட்டுவிட்டு கிளம்பி விடுகிறார்கள். மேளத்தை யாரும் கவனிப்பதில்லை. இத்தனைக்கும் 1968ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜிக்காக நாதஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன்-பொன்னுசாமி சகோதரர்கள். அப்படிப்பட்ட ஊர் இது.

சுவாமி புறப்படும்போது வாசிப்பது மல்லாரி. இதற்கு பாட்டு வரி கிடையாது. கம்பீர நாட்டை ராகத்தில் தாளக்கட்டோடு கிளம்பும். அர்த்தம் புரியுமா என்ற பயமே வேண்டாம். காலை தானாக ஆட்ட வைக்கும்.

மண்டகப்படியில் நில்லுங்க

ஊர்வலம் நடந்து கொண்டிருக்கும்போது நாதஸ்வரக்காரரால் நிதானமாக வாசிக்க முடியாது. மூச்சும் வாங்கும், பின்னால் வாகனமும் வந்து கொண்டிருக்கும். சுவாமி மண்டகப்படியில் நிற்கும்போதுதான் ராகத்தை விரித்து வாசிக்க நேரம் கிடைக்கும். தவில்காரரும் கைவரிசையைக் காட்டுவார். எனவே நடுவீதியில் நின்று தள்ளுமுள்ளுப்படுவதை விட, சுவாமி எந்த மண்டகப்படியில் நிற்கும் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்து அங்கே முன்கூட்டியே போய் நிற்பது புத்திசாலித்தனம்.

நாள் என்று பார்த்தால் 2, 3ம் நாள் ராத்திரி நல்லது. கூட்டம் அதிகம் சேராது, மேளக்காரர் பக்கத்திலேயே நிற்கலாம். 5ம் நாள் தங்கக் குதிரை வாகனத்துக்கு ஜனம் அலைமோதும். 4ம் நாள் சுவாமி வில்லாபுரம் பாவக்காய் மண்டகப்படிக்கு போய்விடும் என்பதால் வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம் ஆட்களுக்கு அன்றைக்கு வசதி.

நாதஸ்வரத்துக்கு மைக் வேண்டாம். திறந்த வீதிக்கென்றே உருவான வாத்தியம் அது. ஆனால் வீதியில் வைக்கிற ஸ்பீக்கர் பெட்டிகள் அதையும் அமுக்கி விடுகின்றன. மேளம் வந்து நிற்கிற கால் மணி நேரமாவது சினிமா மெட்டு பக்திப் பாட்டை நிறுத்தி வைத்தால் என்ன குறைந்துவிடும்? எதிரே பத்து பேர் நின்று கேட்டாலே வாசிக்கிறவருக்கு தெம்பு வரும்.

உட்கார்ந்து கேட்க வேண்டும் என்கிறவர்களுக்கு கோவிலுக்குள் ஆடி வீதி இருக்கிறது. திருக்கல்யாண மண்டபத்தில் மாலை நேரத்தில் இன்னிசை, பரதம், சொற்பொழிவு நடக்கும். வயசானவர்களை அழைத்துப் போக இதுவே தோது. 2018ல் கோவிலில் தீ விபத்து நடந்த பிறகு செல்போனுக்கு தடை வந்தது. அதனால் ரிங்டோன் தொல்லை இல்லை. செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் நல்லது. எல்லா நிகழ்ச்சியும் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. சில நாள் பிள்ளைகளின் அரங்கேற்றம் போல இருக்கும்.

10ம் நாள் திருக்கல்யாணத்தன்று தாலி கட்டும்போது கெட்டிமேளம் கேட்கலாம். ஆனால் அதற்காக முண்டியடிப்பது பாட்டு கேட்கிற வழி இல்லை. தேரோட்டமும் அப்படித்தான். கோஷத்தில் மேளம் காதில் விழாது. பொருட்காட்சிக்கு நுழைவுக் கட்டணம் உண்டு என்பதால் அது இந்த கணக்கிலேயே வராது.

அழகர் பாட்டு

அழகர் மலையிலிருந்து கள்ளழகர் கிளம்பி விட்டால் பாட்டின் ரகமே மாறிவிடும். உருமி, தப்பு, கொம்பு என்று கிராமத்து மேளம் இறங்கும். தலைப்பாகை, கச்சை கட்டி, திரி ஏந்தி ஆடுகிறவர்களில் பலர் நேர்த்திக்கடனுக்கு வந்தவர்கள், கூலி வாங்குவதில்லை. மேளக்காரர்கள் அப்படியில்லை. பங்குனி, சித்திரை, வைகாசிதான் அவர்களுக்கு சம்பாதிக்கிற மாதங்கள். தட்டு வந்தால் பத்து ரூபாய் போட யோசிக்க வேண்டாம்.

இதில் தவற விடக்கூடாதது அழகர் வர்ணிப்பு. அழகர் மலையை விட்டுக் கிளம்பி வருகிற கதையை நீட்டி முழக்கிப் பாடுவார்கள். மேடை கிடையாது, நோட்டீசும் கிடையாது. மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் பக்கம் எதிர்சேவை நாளில் காதைத் தீட்டிக் கொண்டு நடந்தால் எங்காவது மாட்டும். பாடுகிறவர்கள் பலர் வயதானவர்கள். இளவட்டங்கள் குறைவு. பேரப்பிள்ளைகளை கூட்டிப் போய் காட்ட வேண்டிய பாட்டு என்றால் இதுதான்.

மறுநாள் விடியற்காலையில் ஆற்றில் இறங்கும் நேரத்தில் கச்சேரியை மறந்துவிட வேண்டும். 2022 ஏப்ரல் 16ம் தேதி அந்தக் கூட்ட நெரிசலில் சிக்கி 2 பேர் உயிரிழந்தனர். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. மேளம் கேட்க முந்தின நாள் எதிர்சேவையே போதும்.

ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய நடக்கும் தசாவதாரம் கண்ணுக்கு விருந்து. ஆனால் ஒவ்வொரு அலங்காரத்துக்கும் நடுவே காத்திருக்க வேண்டும். பாட்டுக் கச்சேரி என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். வெளியூர்க்காரர்கள் எந்த நாள் வந்தாலும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்டு வைத்துக் கொள்ளவும். மோர், பானகம், தண்ணீர் பந்தலுக்கு வழி நெடுக பஞ்சமில்லை.