இல்லும் இன்மையும்

இல் என்னும் சொல்லுக்கு வீடு என்பதும் ஒரு பொருள். இன்மை என்பதும் ஒரு பொருள். மாணாக்கர்க்குப் பல்லாண்டு இதனை உரைத்து வந்த யான், இரு பொருளும் ஒன்றாய் நிற்கக் கண்டது என் தாயாரிடத்தேதான்.

பேசாலையில் எமது பழைய வீடு பனையோலை வேய்ந்த மண்வீடு. 1990 இல் போர்க்கொடுமைக்கு அஞ்சிக் கடல் கடந்து மண்டபம் முகாமை அடைந்தோம். மீண்டபோது வீட்டின் அடித்தளமே எஞ்சியிருந்தது. 2009 இல் போர் முடிந்த பின்னர் அவ்விடத்திலேயே மின்னும் தரையோடு புதுவீடு எழுப்பி, தாயார்க்கு நன்மை செய்தேனென இறுமாந்தேன்.

சில ஆண்டுகளில் அவரை மறதிநோய் பற்றியது. மருத்துவர் அதனை டிமென்சியா என்பர். அண்மை நினைவுகள் முன்னர் அழியும். பழையன நெடுநாள் நிற்கும். கூடத்தைக் கடக்கையில் அவர் சேலையைச் சற்றே உயர்த்திக்கொண்டு, "தண்ணி ஏறுது தம்பி" என்பார். மின்னும் தரை அவர்க்குக் கடலாயிற்று. நிலைக்கண்ணாடியில் தோன்றிய மூதாட்டியை அயலாள் என்று அஞ்சினார். அந்தி சாய்ந்தால், "வீட்டை போவம்" என்று படலையை நோக்கி நடப்பார்.

"இதுதான் அம்மா எங்கட வீடு" என்று நாள்தோறும் வாதிட்டேன். வாதத்தில் யானே வென்றேன், அவர் அழுதார்.

நோயாளரை வீட்டுக்கேற்ப மாற்றுதல் இயலாது, வீட்டையே அவர்க்கேற்ப மாற்றுதல் வேண்டும் என்பதைப் பின்னரே உணர்ந்தேன். நெதர்லாந்து நாட்டில் வேஸ்ப் என்னும் ஊரில், 2009 இல், இத்தகையோர்க்கென ஹோகவேக் என்ற சிற்றூரையே அமைத்தனர். அங்கே தெருவும் கடையும் உள. முன்னர் வாழ்ந்த பாங்கிற்கேற்ப இல்லங்களும் உள. அத்துணைப் பொருட்செலவு நம்மால் ஆகாது. கருத்து மட்டும் போதும்.

மின்னும் தரையைப் பெயர்த்துச் சொரசொரப்பான சீமெந்துத் தரை இட்டோம். கண்ணாடியைத் துணியால் மூடினோம். கழிப்பறைக் கதவுக்கு நீலவண்ணம் தீட்டி, இரவெல்லாம் அங்கே சிறுவிளக்கு எரியவிட்டோம். வெண்தட்டில் வெண்சோறு அவர் கண்ணுக்குப் புலனாகவில்லை. சிவப்புத் தட்டில் இட்டதும் தாமே உண்டார். கிணற்றுக்கு மூடி அமைத்தோம். படலையை ஓலையால் மறைத்து, முற்றத்தைச் சுற்றித் திண்ணைக்கே மீளும் மணற்பாதை வகுத்தோம். திண்ணையில் ஒரு சுளகும் ஓலைப்பெட்டியும் வைத்தோம்.

நோய் நீங்கவில்லை. என் பெயரும் இப்போது அவர்க்கு நினைவில்லை. ஆயினும் அந்தியில் மணற்பாதையைச் சுற்றிவந்து, சுளகை மடியில் வைத்துத் திண்ணையில் அமர்கிறார். முதியோரைப் பேணும் அன்பர்கள், அவரோடு வாதிடுமுன் தம் வீட்டை ஒருமுறை அவர் கண்ணால் நோக்குவாராக.

அண்மையில் ஒரு மாலை, முற்றத்தில் நின்ற என்னை யாரென்று அறியாமலே, "ஏன் வெளியில நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க" என்று அழைத்தார். அது தம் வீடு என்று அறிந்தவரே அவ்வாறு அழைப்பர். விருந்தினனாக உள்ளே சென்றேன்.