சுஷி சாப்பிட ஜோடி எதுக்கு? தனியாவே போங்க!

ஓசூர் சிப்காட்டில் வேலை. வீக் ஆஃப் அன்னிக்கு அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போறீங்க. ரொம்ப நாளா சுஷி ஆசை. ஆனா, 'எத்தனை பேர்?'னு கேட்டா 'நான் மட்டும்தான்'னு சொல்லக் கூச்சம். கடை வாசல் வரை போய் திரும்பியிருக்கீங்களா?

கூச்சமே வேண்டாம். 19-ம் நூற்றாண்டில் எடோ, அதாவது இன்றைய டோக்கியோவின் தெருக்கடைகளில், வேலைக்கு நடுவே வாயில் போட்டுக்கொண்டு போன சாப்பாடுதான் இது. 1958-ல் யோஷியாகி ஷிராய்ஷி என்பவர், பீர் ஃபேக்டரியில் பாட்டில்கள் நகர்வதைப் பார்த்து, தன் ஒசாகா கடையில் சுஷித் தட்டுகளை கன்வேயர் பெல்ட்டில் ஓடவிட்டார். ஆமாம், ஷிஃப்ட்ல நீங்க பார்க்குற அதே பெல்ட்!

கவுன்ட்டர் சீட் கேளுங்க. செஃப் எதிரிலேயே இருப்பார், சந்தேகம் கேட்கலாம். ஸ்டிக் பிடிக்க வரலையா? கையாலேயே சாப்பிடலாம். சோயா சாஸில் சாதத்தை முக்காதீங்க, உதிர்ந்துடும். மீன் பக்கத்தை மட்டும் தொடுங்க. வசாபி புதினா சட்னி இல்லை, கடுகளவு போதும். அடுத்த துண்டுக்கு முன்னாடி இஞ்சி ஊறுகாய் கடிச்சா, பழைய ருசி போயிடும்.

தைரியம் வந்தா 'உனி' கேளுங்க. முள் பந்து மாதிரி இருக்கும் கடல் உயிரியின் இனப்பெருக்க உறுப்பு அது. ஆரஞ்சு நிறம், வெண்ணெய் பதம், லேசான இனிப்பு. விலை அதிகம், முதல்லயே கேட்டுக்கோங்க. கசப்போ நாற்றமோ இருந்தா ஃப்ரெஷ் இல்லை, வெச்சுடுங்க. கடல் உணவு அலர்ஜி இருக்கிறவங்க தொடவே வேண்டாம்.

பிடிக்கலைன்னாலும் பரவாயில்லை. முகம் சுளிச்சதைப் பார்க்க பக்கத்துல யாரும் இல்லையே!